குருபோங்கில் பந்தல் மாறி அழுதேன்

அழுவதற்கு நான் தயாராகவே போயிருந்தேன். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் வாயைத் திறந்துகொண்டு தூங்க, நான் உதட்டை மட்டும் அசைத்து, வரிக்கு வரி கோத்துக்கொண்டே போனேன். தங்கச்சி புஷ்பம் மலாக்காவில் கண்ணை மூடிவிட்டாள் என்று போன் வந்து, நான் பாஸ்போர்ட்டும் விசாவும் வாங்கி முடிப்பதற்குள் அவளை எரித்துப் பாலும் தெளித்துவிட்டார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் போக முடிந்தது. எங்கள் சிவகங்கைப் பக்கத்தில், உடன்பிறந்தவள் துக்க வீட்டுக்குப் பிந்திப் போனால் தெருமுனையிலேயே குரலெடுத்துவிட வேண்டும். எதிர்ப்படுகிற முதல் பொம்பளையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவளும் சேர்ந்து அழுவாள். யார் நீ, எப்போது வந்தாய் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் ஆறு நாவல் எழுதிவிட்டேன். நாவல் எழுத நாலாம் வகுப்பு தேவையில்லை என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. என் ஒற்றுப்பிழைகளைத் திருத்தித் திருத்தியே பத்திரிகை ஆபீஸ் தம்பி ஒருவன் கண்ணாடி போட்டுக்கொண்டான். ஊரில் எழவு வீட்டில்கூட என்னைச் சுற்றித்தான் கூட்டம் உட்காரும். அப்படிப்பட்டவள் தன் தங்கச்சிக்கு அழும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டாமா என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போதே முகம் சுடுகிறது. போகட்டும், எழுதத்தானே உட்கார்ந்தேன்.

புஷ்பத்தின் மூத்த மகன் மணியம் என்னைக் கூட்டிப்போக வந்திருந்தான். படத்தில் பார்த்த பிள்ளை. பாக்டரிப் பெண்களை ஷிப்டுக்கு ஏற்றி இறக்குகிற வேன் ஒன்று வைத்திருந்தான். அந்த வேனின் இழுப்புக் கதவு நினைத்தபோதெல்லாம் தானாகத் திறந்துகொண்டது. ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையை என் கையில் கொடுத்தான்.

"கெட்டியா புடிச்சுக்குங்க பெரியம்மா. பிரேக் போட்டா மட்டும் கொஞ்சம் ஒங்க பக்கமா இழுங்க."

"ஏன்டா, டிக்கெட்டையும் நானே கிழிச்சுக் குடுத்துரவா?"

சிரித்துவிட்டான். அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளையைச் சிரிக்க வைத்துவிட்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

"பசியாறிட்டீங்களா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியே எனக்குப் பாதி வயிற்றை நிரப்பியது. நம் ஊரில் "சாப்டாச்சா" என்பார்கள், பதில் வருவதற்குள் நாலு அடி போயிருப்பார்கள். இங்கே கேட்டுவிட்டு முகத்தையும் பார்க்கிறார்கள். சாலையோரத்தில் ஒரு மலாய்க்கார அம்மாள் வாழையிலைப் பொட்டலம் விற்றாள். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, வறுத்த நெத்திலி, வேர்க்கடலை, அரை முட்டை, செக்கச்செவேலென்று ஒரு சம்பல். நாசி லெமாக் என்றான் மணியம். துக்கத்துக்குப் போகிற கிழவி நான், ஒரு பொட்டலத்தைத் தின்றேன். இன்னொன்றை அவன் பார்க்காத நேரத்தில் வாங்கி மடியில் செருகிக்கொண்டேன்.

வழியெல்லாம் புஷ்பம் கடிதத்தில் எழுதியிருந்த ரப்பர்க் காட்டைத் தேடினேன். எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனையும் பாக்டரிக் கூரையும்தான் தெரிந்தன.

"கித்தா மரமெல்லாம் எங்கடா?"

"அதெல்லாம் எப்பவோ வெட்டியாச்சு பெரியம்மா. அப்புறம் செம்பனை வச்சாங்க. அதையும் வெட்டிட்டு தாமான் கட்டிட்டாங்க. நாம இப்ப போறது அந்தத் தாமான் வீட்டுக்குத்தான்."

குருபோங்கில் வேன் நுழைந்தபோது தாமான் என்றால் என்ன என்று தெரிந்தது. ஒரே அச்சில் வார்த்த இட்லி மாதிரி வரிசை வரிசையாக வீடுகள். ஒரே கேட், ஒரே ஜன்னல். கைலி காயப்போடுகிற கம்பிகூட ஒரே இடத்தில். ஒரு லேன் முனையில் வேனை நிறுத்தினான்.

"இங்கயே எறங்கி நில்லுங்க பெரியம்மா. வேனைத் திருப்பி வச்சிட்டு வந்துடுறேன்."

நின்றிருக்கலாம். கண்ணெதிரே லேனை அடைத்துக்கொண்டு நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட துணிப்பந்தல். அதன் கீழே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆண்கள் நாலு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பெரிய சட்டியில் ஏதோ கொதித்தது. நம் ஊரில் கல்யாணப் பந்தலையும் எழவுப் பந்தலையும் குருடன்கூடப் பிரித்துச் சொல்வான். இங்கே இரண்டுக்கும் ஒரே ஆளிடம் ஒரே பந்தலை வாடகைக்கு எடுக்கிறார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? வாழைமரம் மறுநாள்தான் வருமாம்.

பந்தலோரம் ஒருத்தி தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் வழிய என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு அது போதும். முந்தானையை உதறிக் குரலெடுத்தேன்.

"கப்பலேறிப் போனவளே, கடுதாசி நின்னதென்ன? அக்கா வரும் பாதைய நீ அடச்சுப் படுத்ததென்ன?"

ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவள் கையில் இருந்தது வெங்காயமும் கத்தியும். என் மூக்கிலேயே நெடி ஏறியது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். அவளும் நம்மவள்தானே, கட்டிக்கொண்டு அழுதால் பதிலுக்கு அழத்தான் தெரியும். "ஐயோ, எங்கண்ணனுக்கு என்னாச்சு!" என்று அலறினாள். உள்ளேயிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். ஆளுக்கொரு சொந்தக்காரரை மனதுக்குள் சாகடித்துக்கொண்டு ஆளுக்கொரு ராகத்தில் ஆரம்பித்தார்கள். சீட்டாடியவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். எனக்கோ உற்சாகம் தாங்கவில்லை. மலாக்காவில் என் தங்கச்சிக்கு இத்தனை ஜனமா! குரலை இன்னும் ஒரு கட்டை ஏற்றினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூறைப்புடவைத் தட்டோடு பந்தலுக்குள் கால் வைத்தார்கள்.

"நிறுத்துங்கலா! யாருதான் செத்தா?" என்று சீட்டாடிய ஒருவர் கத்தினார்.

அழுகை நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொட்டில்லாத நெற்றி, வெள்ளைச் சேலை.

"புஷ்பம்" என்றேன்.

"புஷ்பக்கா வீடு அடுத்த லேன்" என்றாள் வெங்காயக்காரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அவள் பெயர் சரோஜா என்று பிறகு தெரிந்தது. "இது எம்மவ கல்யாண வீடும்மா. நாளன்னிக்குத் தாலி."

நான் பின்னால் நகர்ந்தேன். மடியிலிருந்த பொட்டலம் நழுவி விழுந்து அவிழ்ந்தது. கூறைப்புடவை கொண்டு வந்தவர்களின் காலடியில் நெத்திலி சிதறியது. அவர்கள் தட்டைக் கீழே வைக்கவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வந்த காரிலேயே ஏறிப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் மணியம் வீட்டுப் பின்வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். டீ சட்டை, நீளப் பாவாடை. ஒரு கையில் மட்டும் மருதாணி. மணியத்தின் மனைவி லெச்சுமி என் காதில் சொன்னாள்: "அத்த, இவதான் மாலதி. கல்யாணப் பொண்ணு."

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஊரில் எந்தப் பெரிய மனிதருக்கும் நான் எழுந்ததில்லை.

"ஒக்காருங்க பாட்டி. சண்ட போட வரல."

"போட்டாலும் தகும் தாயி."

"எனக்கு இந்தச் சகுனம்லாம் ஒண்ணும் கெடையாது. நீங்க அழுததுல எங்கம்மா பயந்து ஈப்போ மாமாவுக்குப் போன் அடிச்சிட்டாங்க. ரொம்ப நாளா பேச்சுவார்த்த இல்லாம இருந்தாங்க ரெண்டு பேரும். அவரு நல்லாத்தான் இருக்காரு. கல்யாணத்துக்கும் வராராம்." சொல்லும்போதே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஆனா சேகர்தான் போன் எடுக்க மாட்றாரு. அடிச்சுக்கிட்டே இருக்கேன்."

"அந்தக் கையில ஏன் மருதாணி வைக்கல?"

"மெர்லிமாவ்லேருந்து மாப்ள வீட்டுல சரின்னு சொன்னா வச்சுக்கலாம்னு அம்மா நிறுத்திட்டாங்க. பாக்டரில எல்லாருக்கும் கார்டு குடுத்தாச்சு பாட்டி. திங்கக்கெழம நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வேன் ஏறுறது?"

அவள் மருதாணி வைக்காத கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் போகும்போது, "அழுதது நல்லா இருந்துச்சு பாட்டி, எங்கத்தைங்களுக்குக்கூட அப்படி வராது" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அதைவிட அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

மறுநாள் பதினாறாம் நாள். விடியற்காலையிலேயே மணியம் கடற்கரைக்குப் போய்த் தலையை மழித்துக்கொண்டு வந்தான். வீட்டில் புஷ்பத்தின் படத்துக்கு முன்னால் படையல் போட்டார்கள். அவளுக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டும் என்று லெச்சுமி ஒவ்வொன்றாகக் கொண்டு வந்தாள். நண்டுப் பெரட்டல் வந்தது. மஞ்சளாக ஒரு மலாய்ப் பலகாரம் வந்தது. சீனன் கடையில் வாங்கிய ரொட்டி, பால் ஊற்றாத கோப்பி, டுரியான் சுளை என்று இலை நிறைந்தது.

"புளிச்சோறு வைக்கலயா?" என்று கேட்டேன். "கருவாடும் புளிச்சோறும் இருந்தா அவளுக்கு வேற ஒண்ணும் வேணாமே."

லெச்சுமி மணியத்தைப் பார்த்தாள். "அத்தைக்குப் புளியே ஆகாது அத்த. வாயில வைக்க மாட்டாங்க."

படத்தைப் பார்த்தேன். கண்ணாடி போட்டு, முடியைக் குட்டையாக வெட்டி, பூப்போட்ட சட்டை அணிந்த ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். இவளைத் தெருவில் பார்த்திருந்தால் வழிவிட்டு நகர்ந்திருப்பேன். நான் விமானத்தில் உட்கார்ந்து வரி கோத்தது, கப்பலேறிப் போன சின்னப் பெண் ஒருத்திக்கு. அவள் போனது என் கல்யாணமான மறு வருஷம். அவளைத்தான் ஆறு நாவலிலும் வெவ்வேறு பெயரில் உலவ விட்டேன். அவளுக்குப் புளி எப்போது ஆகாமல் போனது என்று ஒரு கடிதத்தில்கூட நான் கேட்டதில்லை. எனக்குக் கதைக்கு ஒரு தங்கச்சி இருந்தாள், போதுமாக இருந்தது.

எல்லோரும் அழுதார்கள். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. நேற்று பக்கத்து லேனில் கொட்டித் தீர்த்துவிட்டேன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். உள்ளே காய்ந்து கிடந்தது. வெட்கத்தை மூடவும் முந்தானை உதவும்.

மதியம் படையல் சோறு தின்று முடிந்ததும் மணியத்திடம் சொன்னேன்: "என்னய மெர்லிமாவுக்குக் கூட்டிட்டுப் போ. மாப்ள வீட்டுல பேசணும்."

வேனை வேறொரு ஆள் ஷிப்டுக்கு எடுத்துப் போயிருந்தான். மோட்டாரில்தான் போனோம். சேலை கட்டிய கிழவிக்கு ஹெல்மெட் மாட்டி ஒருக்களித்து உட்கார வைத்தான். மலேசியாவில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் அந்த ஹெல்மெட்தான். அதற்குள் என் முகம் யாருக்கும் தெரியவில்லை. வழியில் மழை பிடித்தது. ஒரு தமிழ் முஸ்லிம் மளிகைக் கடையில் ஒதுங்கினோம். கடைக்காரர் தேத்தண்ணீரைச் சாக்கு மேல் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஊரும்மா ஒங்களுக்கு?"

"சிவகங்கைப் பக்கம்."

"நாங்க ராம்நாடு. குருபோங்ல ஒரு இந்தியாக்காரம்மா கல்யாண வீட்டுல பூந்து ஒப்பாரி வச்சுட்டாங்களாமே, கேள்விப்பட்டீங்களா?"

மணியம் மழையைப் பார்த்தான். "கேள்விப்பட்டேன்" என்றேன். "கிறுக்கச்சியா இருப்பா போல." ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டேன். மழை விட்டுவிட்டது.

என் நாவல்களில் சகுனம் பார்க்கிற மாமியார்கள் நிறைய. பூனைக்குப் பயந்தவள், தும்மலுக்குப் பயந்தவள், ஒற்றைப் பிராமணரைக் கண்டால் வீட்டுக்குத் திரும்புகிறவள். எல்லோரையும் வேண்டிய மட்டும் கிண்டல் செய்திருக்கிறேன். உலகம் ராக்கெட்டில் போகும்போது நாம் பூனைக்கு நிற்கலாமா என்று நான் எழுதியதை மேடையில்கூடப் படித்தார்கள். மோட்டாரில் அதையே திரட்டிக்கொண்டு போனேன். மாப்பிள்ளையின் அம்மாவை நாலு கேள்வியில் மடக்கிவிடுவதாகத் திட்டம்.

மெர்லிமாவ் தாண்டி ஒரு தோட்டத்துக் குடியிருப்பு. மழித்த தலையோடு கல்யாண வீட்டுக்குள் வரமாட்டேன் என்று மணியம் வெளியே மோட்டாரடியிலேயே நின்றுவிட்டான். மாப்பிள்ளையின் அம்மா மாரியாயி என்னைவிடப் பத்து வயது இளையவள் இருப்பாள். என்னைப் போலவே வெறும் நெற்றி. ரப்பர் வெட்டும் கத்தி பிடித்துக் காய்த்த கையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"ஒக்காருங்கக்கா. கோப்பி கலக்கட்டா?"

"கோப்பி கெடக்கட்டும் தாயி. ஒலகம் எங்கயோ போயிருச்சு, நாம இன்னமும் இந்தச் சகுனம் கிகுனம்னு..."

"எனக்கு இந்தத் தோட்டத்துல என்னா பேரு தெரியுமாக்கா?" என்றாள். "லாரி."

என் பிரசங்கம் அங்கேயே நின்றது.

"பொண்ணா நான் வந்த அன்னிக்கு எங்கள ஏத்திட்டு வந்த லாரி கால்வாயில சாஞ்சிருச்சு. எம்மாமியாருக்குக் கால் போச்சு. அன்னிலேருந்து நான் லாரி. அவரு குடிச்சா, லாரி வந்த நேரம். கித்தா வெல எறங்கினாக்கூட லாரி. அவரு செத்தப்ப, பொணம் இன்னும் வீட்டுக்குள்ளதான் கெடக்குது, வாசல்ல சொல்றாளுங்க, லாரி ஏத்திருச்சுன்னு." கோப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "நேத்து தட்டு கொண்டாந்தது என் நாத்தனாருங்க. திரும்பி வீடு வந்து சேர்றதுக்குள்ள அந்தப் புள்ளைக்குப் பேரு வச்சிட்டாளுங்க. ஒப்பாரியாம். எனக்குச் சகுனத்து மேல பயமில்லக்கா. இவளுங்க வாய்க்குத்தான் பயம். நாளைக்கு எம்மவன் மோட்டார்லேருந்து விழுந்தா யாரச் சொல்லுவாளுங்க? ஆறு மாசம் தள்ளி வச்சா மறந்துருவாளுங்கன்னு பாக்குறேன்."

"லாரிய மறந்தாங்களா?"

மாரியாயி கோப்பியை மறுபடி ஆற்ற ஆரம்பித்தாள். பின்வாசலில் ஒரு பையன் சுவரில் சாய்ந்து நின்றான். போனை எடுக்காத மாப்பிள்ளை அவன்தான் என்று பார்த்ததும் தெரிந்தது.

"தம்பி, போன் அடிச்சா எடுத்துப் பேசணும். அதுக்குத்தான் வாங்கி வைக்கிறது."

"அம்மா முடிவு சொல்லாம நான் அதுகிட்ட என்னாத்தப் பேசுறது பாட்டி?" என்றான். அவன் கண்ணும் சிவந்துதான் இருந்தது. இந்த வீட்டில் வெங்காயம் எதுவும் இல்லை.

"ஏக்கா, அது எப்படிதான் வீடு மாறிப் போனீங்க?" என்று மாரியாயி கேட்டாள்.

சொன்னேன். எனக்கு ஒன்றைச் சொல்வதற்கு ஒரே விதம்தான் தெரியும். வேன் கதவில் ஆரம்பித்தேன். மடியில் ஒளித்த பொட்டலத்தைச் சொன்னேன். வெங்காயக் கண்ணீரைச் சொன்னேன். ஈப்போ அண்ணனைச் சாகடித்ததையும், சீட்டுக்காரர்கள் சீட்டைப் பத்திரமாகக் கவிழ்த்துவிட்டு அஞ்சலி செலுத்தியதையும் சொன்னபோது மாரியாயி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினாள். அடுத்த அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து இரண்டு சிரிப்புகள் கேட்டன. நாத்தனார்மார் அங்கேதான் இருந்திருக்கிறார்கள்.

"நெத்திலி என் கால்லதான் விழுந்துச்சு!" என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

மாரியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நாளைக்குக் கல்யாணத்துல, டேவான்ல மைக் புடிச்சு இத அப்படியே சொல்லுக்கா. எல்லா ஜனமும் கேக்கணும். சிரிச்சுட்டாளுங்கன்னா அப்புறம் எந்த வாயால அந்தப் புள்ளையப் பேரு சொல்லுவாளுங்க? சொன்னா ஒன்னயச் சொல்லட்டும். நீ ஏரோப்ளேன் ஏறிப் போயிருவ."

"சொல்றேன்" என்றேன். நான் எழுந்திரிப்பதற்குள் சேகர் மாலதிக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் மெர்லிமாவில் ஒரு டேவானில் நடந்தது. மண்டபத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தாலி கட்டும்போது நான் பின்னால் சமையல் கட்டில் நின்றுகொண்டேன். அப்பளம் பொரிக்கிற புகை நல்ல மறைவு. பந்தி உட்கார்ந்ததும் மைக்கைப் பிடித்திருந்த ஒரு தம்பி, இந்தியாவிலிருந்து வந்திருக்கும் புகழ்பெற்ற நாவலாசிரியை வாழ்த்திப் பேசுவார் என்றான். நாலு மேசைக்கு அப்பால், "அந்தம்மாதான்லா அது!" என்று ஒரு குரல் கேட்டது. மேடையில் மாலதி இரண்டு கையிலும் மருதாணியோடு உட்கார்ந்திருந்தாள். வாசல் பக்கம் மழித்த தலையில் தொப்பி போட்டுக்கொண்டு மணியம் நின்றான்.

சொன்னேன். சோற்றில் வைத்த கைகள் அப்படியே நின்றன. நாற்காலியை விட்டு எழுந்து சிரித்தார்கள். ஈப்போ அண்ணன் தானே எழுந்து நின்று, "உயிரோடதான் இருக்கேன்" என்று கும்பிட்டார். சரோஜா வெங்காயம் உரிப்பது போலக் கையை வைத்துக் காட்டினாள். மாலதி சிரித்த சிரிப்பில் மாலையிலிருந்து பூ உதிர்ந்தது. யாருதான் செத்தா என்று சீட்டுக்காரர் கேட்ட இடத்தில், "என் தங்கச்சி" என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட்டேன். வாசலில் அவள் பிள்ளை நிற்கிறானே என்ற நினைப்பு அப்போது இருந்தது. மாரியாயி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். காரியம் முடிந்தது. மைக்கைக் கொடுத்துவிட்டு நான் இறங்கியிருக்க வேண்டும்.

"பாட்டி, இன்னொரு தடவ!" என்று பாக்டரிப் பெண்கள் உட்கார்ந்திருந்த மேசை கத்தியது. "அந்த அழுகைய மட்டும்லா பாட்டி!"

மைக் என் கையில்தான் இருந்தது. மண்டபம் முழுக்க என்னையே பார்த்தது. எனக்கு இந்த ருசி தெரியும். அழுதேன். முதல் தடவையைவிட நன்றாக அழுதேன். கப்பலேறிப் போனவளே என்று இழுத்து, எங்கே நிறுத்தினால் சிரிப்பு வெடிக்கும் என்று பார்த்து நிறுத்தினேன். சீட்டுக்காரர் குரலில் "யாருதான் செத்தா?" என்று கேட்டேன். "தங்கச்சி" என்றால் சப்பென்று இருக்கும். ஒரு பெயர் விழுந்தால்தான் எடுப்பு. கண்ணை உருட்டி, மூக்கை உறிஞ்சி, "புஷ்பம்!" என்றேன்.

"அடுத்த லேன்!" என்று அந்த மேசையே கத்தியது.

இன்னொரு முறை கேட்டேன். இந்தத் தடவை ஒரு மேசை "புஷ்பம்!" என்றது, மற்ற மேசையெல்லாம் "அடுத்த லேன்!" என்றன. சின்னப் பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள். வாசலைப் பார்த்தேன். மணியம் அங்கே இல்லை.

முதல் தடவை மாலதிக்காகச் சொன்னேன். அதை எந்தச் சபையிலும் சொல்வேன். இரண்டாம் தடவைக்கு நான் என்ன சொல்வது? அந்தப் பெண்ணுக்கு அது தேவையாக இருக்கவில்லை. மாரியாயிக்கும் தேவையில்லை.

திரும்பும்போது வேனில் நானும் அவனும் மட்டும்தான். மெர்லிமாவ் கடைத்தெரு தாண்டியதும் அவன் ஆரம்பித்தான்.

"நல்லா சொன்னீங்க பெரியம்மா. மாலதி சிரிச்சது வாசல் வரைக்கும் கேட்டுச்சு."

"ம்."

"அம்மா பேர மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்." கோபமாகச் சொல்லவில்லை. "எல்லாரும் சத்தம் போட்டு அம்மா பேரச் சொன்னாங்க. அந்தப் பொண்ணுங்கல்லாம் நம்ம வேன்ல வர்றவங்கதான். அம்மாவுக்குத் தெரிஞ்சவங்க. தப்பா ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டாங்க."

அவனுக்குச் சொல்ல என் நாக்கு நுனியில் ஒரு வேடிக்கைப் பேச்சு வந்துவிட்டது. உண்மையாகவே வந்தது. அதை விழுங்கினேன். அதை விழுங்கியதும் அழுகை வந்தது. அதில் வரி இல்லை, ராகம் இல்லை. மூக்கு ஒழுகியது, விக்கல் எடுத்தது. புளி ஆகாத ஒருத்தி, கண்ணாடி போட்ட ஒருத்தி, நான் பார்த்தே இராத ஒருத்தி செத்துப்போயிருந்தாள். மணியம் வேகத்தைக் குறைத்தான்.

"நீ ஓட்டுடா. வீட்டுல போய் அழுதுக்கிறேன்."

"வீட்டுல வேணாம் பெரியம்மா. பொண்ணு மாப்ள பால்பழம் சாப்புட மாலதி வீட்டுக்கு இப்ப வந்துருவாங்க. அடுத்த லேனுக்குக் கேக்கும்."

செம்பனை நிழலில் வேனை ஒதுக்கி இஞ்சினை அணைத்தான். "இங்கயே அழுதுடுங்க. ஒண்ணும் அவசரம் இல்ல" என்றான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி எனக்காகக் காத்திருந்தான்.